மீன் பொரித்த பெண், பொரித்த மீன்: ஆங்கிலப் பார்ட்டிசிபிள் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: யாங்கோனில் பொட்டத்தௌங் பக்கம் சரக்கு ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீட்டில் தமிழ், வெளியில் பர்மா பாஷை, மெயில் எல்லாம் இங்கிலீஷ். பிரசென்ட் பார்ட்டிசிபிள் என்றால் 'இங்', பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்றால் 'எட்' அல்லது மூன்றாம் வடிவம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன். ஆனால் 'ஐ வாஸ் வாக்கிங்' நேற்று நடந்தது, அதற்கு ஏன் பிரசென்ட்? 'இட் வில் பி ஃபினிஷ்ட்' நாளைக்கு நடக்கப்போவது, அதற்கு ஏன் பாஸ்ட்? வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் போஸ்ட்' என்று எழுதினேன். மேலாளர் சிவப்பு மையில் அடித்துத் தந்தார். 'த கன்டெய்னர் இஸ் லோடிங்', 'வாக்கிங் டு த ஜெட்டி, த ரெயின் ஸ்டார்டெட்' என்ற இரண்டையும் அடித்திருந்தார். காரணம் சொல்லவில்லை. தம்பிக்கும் நான்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். விளக்கமாக எழுத வேண்டும்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. 'பிரசென்ட்', 'பாஸ்ட்' என்பவை பழைய இலக்கணக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெயர்கள். அந்தப் பெயர்களை நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். 'வாக்கிங்' என்ற சொல்லைத் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். நேற்றா, இன்றா, நாளையா என்று அது எதையும் சொல்லாது. 'ஐ வாஸ் வாக்கிங்', 'ஐ ஆம் வாக்கிங்', 'ஐ வில் பி வாக்கிங்' மூன்றிலும் அது மாறாமல் நிற்கிறது. காலத்தைக் காட்டுவது முன்னால் வரும் 'வாஸ்', 'ஆம்', 'வில் பி' என்ற துணைவினைகள். 'ஃபினிஷ்ட்' கதையும் அதேதான். 'வாஸ் ஃபினிஷ்ட்' என்றால் நேற்று, 'இஸ் ஃபினிஷ்ட்' என்றால் இப்போது, 'வில் பி ஃபினிஷ்ட்' என்றால் நாளை.

பார்ட்டிசிபிள் சொல்வது வேறு. 'இங்' வடிவம், இந்தப் பெயர்ச்சொல் குறிக்கும் ஆளோ பொருளோ தானே அந்தச் செயலைச் செய்கிறது, செயல் நடந்துகொண்டிருக்கிறது என்கிறது. மூன்றாம் வடிவம், செயல் இந்தப் பெயரின்மேல் செய்யப்பட்டது, அல்லது செயல் முடிந்துபோனது என்கிறது. ஆகவே எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி 'எப்போது நடந்தது?' என்பது அல்ல. 'இந்தப் பெயர் செய்ததா, செய்யப்பட்டதா?' என்பதுதான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தானாகத் தோன்றாது. அதற்குக் காரணம் நம் பெயரெச்சம். 'பொரித்த' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'பொரித்த மீன்' என்றால் மீன் பொரிக்கப்பட்டது. 'மீன் பொரித்த பெண்' என்றால் பெண் பொரித்தாள். 'மீன் பொரித்த சட்டி' என்றால் சட்டி வெறும் கருவி. 'மீன் பொரித்த அடுப்படி' இடம், 'மீன் பொரித்த நேரம்' காலம். 'பொரித்த' ஒன்றுதான், அது ஐந்து உறவுகளைத் தாங்குகிறது. நன்னூல் பெயரெச்சம் ஏற்கும் பெயர்களைச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறாகவே சொல்கிறது. எந்த உறவு என்பதைக் கேட்பவர் தாமே புரிந்துகொள்வார். சொல்லில் குறியாகத் தெரிவது காலம் மட்டும்: பொரித்த, பொரிக்கிற, பொரிக்கும்.

ஆங்கிலத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே காலம் சொல்லில் இல்லை, உறவு இருக்கிறது. 'பொரித்த மீன்' என்பதற்கு 'ஃபிரைட் ஃபிஷ்'. அவள் இப்போது அடுப்பின் முன் நிற்கிறாள் என்றால் 'த உமன் ஃபிரையிங் த ஃபிஷ்'. நேற்றே பொரித்து முடித்துவிட்டாள் என்றால்? 'த ஃபிரைட் உமன்' என்று எழுதினால் பெண்ணையே எண்ணெயில் போட்டதாகிவிடும். 'த உமன் ஃபிரையிங் த ஃபிஷ் யெஸ்டர்டே' என்பதும் ஒப்பாது. ஒரே தடவை நடந்து முடிந்த செயலுக்கு 'இங்' வடிவத்தை இப்படிப் பெயருக்குப் பின்னால் ஒட்டக் கூடாது. இங்கே பார்ட்டிசிபிளே வேண்டாம். 'த உமன் ஹூ ஃபிரைட் த ஃபிஷ்' என்று 'ஹூ' போட்டு வாக்கியமாகவே சொல்ல வேண்டும். தமிழில் சட்டென்று ஒரு பெயரெச்சத்தில் முடிவது ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்', 'வேர்', 'வென்' என்று கேட்கும் இடங்கள் நிறைய உண்டு. 'கண்ணாடியை உடைத்த பையன்' என்பதற்கு 'த பாய் ஹூ புரோக் த கிளாஸ்' மட்டுமே சரி.

தமிழ்ப் பெயரெச்சத்தை ஆங்கிலமாக்கும்போது இப்படி யோசியுங்கள். பின்னால் வரும் பெயர் அந்தச் செயலை வாங்கிக்கொண்டதா? அப்படியானால் மூன்றாம் வடிவம்: கையெழுத்திட்ட நகல் 'சைன்ட் காபி', திருடப்பட்ட பை 'ஸ்டோலன் பேக்', உலர்த்திய மீன் 'டிரைட் ஃபிஷ்'. அந்தப் பெயரே செய்கிறதா, இப்போது அல்லது வழக்கமாக? அப்படியானால் 'இங்': அழுகிற குழந்தை 'கிரையிங் பேபி', உதிக்கிற சூரியன் 'ரைசிங் சன்'. அந்தப் பெயர் செய்து முடித்துவிட்டதா? 'ஹூ' அல்லது 'விச்' போட்டுவிடுங்கள், பிழை வராது.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. தேர்வுகளில் கேட்பதும் அதைத்தான். விழுதல், வாடுதல், ஓய்வு பெறுதல், தப்பித்தல், வீங்குதல் போன்ற சில செயப்படுபொருள் குன்றிய வினைகளில், செய்து முடித்த பெயரோடும் மூன்றாம் வடிவம் சேரும். 'ஃபாலிங் லீவ்ஸ்' என்றால் விழுந்துகொண்டிருக்கும் இலைகள், 'ஃபாலன் லீவ்ஸ்' என்றால் தரையில் கிடப்பவை. 'ரிடயர்ட் டீச்சர்', 'எஸ்கேப்ட் பிரிசனர்', 'ஸ்வோலன் ஃபுட்', 'ஃபேடெட் ஷர்ட்' எல்லாம் இந்த வகை. ஆனால் எல்லா வினைக்கும் இது செல்லாது. 'வந்த விருந்தாளி' என்று நினைத்து 'த அரைவ்ட் கெஸ்ட்' என்று எழுதுவது தமிழர் எழுத்தில் அடிக்கடி காணும் பிழை. 'த கெஸ்ட் ஹூ அரைவ்ட்' என்பதே சரி. முன்னால் 'நியூலி' அல்லது 'ரீசன்ட்லி' சேர்த்தால் மட்டும் 'த நியூலி அரைவ்ட் கெஸ்ட்ஸ்' என்பது நிற்கும்.

சட்டியை விட்டுவிட்டோம். மீன் பொரிக்கும் சட்டிக்கு ஆங்கிலத்தில் 'ஃபிரையிங் பான்'. சட்டி எதையும் பொரிப்பதில்லை. பொரிப்பதற்கான சட்டி என்பதுதான் பொருள். இந்த 'இங்' பார்ட்டிசிபிள் அல்ல, தொழிற்பெயர்; ஆங்கிலத்தில் ஜெரண்ட் என்பார்கள். 'வெயிட்டிங் ரூம்' காத்திருப்பதற்கான அறை, 'டிரிங்கிங் வாட்டர்' குடிப்பதற்கான தண்ணீர், 'வாஷிங் மெஷின்' துவைப்பதற்கான இயந்திரம். தம்பிக்கு இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சோதனை போதும். 'அதற்கான' என்று விரித்தால் பொருள் சரியாக வருகிறதா? அது ஜெரண்ட். 'அதைச் செய்கிற' என்று விரித்தால் சரியாக வருகிறதா? அது பார்ட்டிசிபிள். 'ஸ்லீப்பிங் பேக்' முதல் வகை, 'ஸ்லீப்பிங் டாக்' இரண்டாம் வகை. வாக்கியத்தின் எழுவாயாக வரும் 'ஸ்விம்மிங் இஸ் குட்' என்பதில் உள்ளதும் ஜெரண்ட்தான்.

இனி 'இன்ட்ரஸ்டிங்', 'இன்ட்ரஸ்டெட்'. நாம் 'படம் சலிப்பாக இருக்கிறது' என்றும் சொல்கிறோம், 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்றும் சொல்கிறோம். சலிப்பை உண்டாக்கும் பொருளுக்கும் சலிப்பை உணரும் ஆளுக்கும் அதே 'சலிப்பாக' பொருந்திவிடுகிறது. ஆங்கிலம் இரண்டையும் கலக்காது. உணர்வை உண்டாக்குவது 'இங்', உணர்வுக்கு ஆளாவது 'எட்'. படம் 'போரிங்', நான் 'போர்ட்'. வேலை 'டயரிங்', நான் 'டயர்ட்'. செய்தி 'சர்ப்ரைசிங்', நாங்கள் 'சர்ப்ரைஸ்ட்'.

இதை விளங்கிக்கொள்ளத் தமிழைவிடப் பர்மா பாஷை உங்களுக்கு நல்ல துணை. 'சௌக்தெ' என்றால் பயப்படுகிறேன். பயமூட்டும் பொருளை யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'சௌக்சயா கௌன்தெ' என்பார்கள். சலிப்பாக இருக்கிறவன் 'பியின்தெ', சலிப்பூட்டும் படம் 'பியின்சயா கௌன்தெ'. பர்மா பாஷையில் 'சயா' சேர்த்துச் சொல்லத் தோன்றும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் 'இங்'. 'சயா' இல்லாமல் ஆளைப் பற்றிச் சொல்லும் இடம் 'எட்'. உங்கள் விண்ணப்பத்தை இந்தக் கணக்கில் பாருங்கள். ஆர்வம் கொண்டவர் நீங்கள், ஆர்வத்தை உண்டாக்கியது பதவி. எனவே 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டெட் இன் திஸ் போஸ்ட்'. நீங்கள் எழுதியது, நான் மிகவும் சுவாரசியமான ஆள் என்று பொருள்படும். மேலாளர் அடித்தது அதற்காகத்தான்.

உயிரற்ற பொருளுக்கு உணர்வு இல்லாததால் 'த மூவி இஸ் போர்ட்' என்பது எந்த நாளும் வராது. மனிதருக்கு இரண்டும் வரலாம்: வகுப்பைத் தூங்கவைக்கும் ஆசிரியர் 'போரிங்', அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர் 'போர்ட்'. 'எட்' வடிவத்தோடு வரும் சிறு சொல்லையும் சேர்த்தே பழகிக்கொள்ளுங்கள்: 'இன்ட்ரஸ்டெட் இன்', 'போர்ட் வித்', 'டயர்ட் ஆஃப்', 'வரீட் அபௌட்', 'சாடிஸ்ஃபைட் வித்', 'சர்ப்ரைஸ்ட் அட்'. தனித்தனியாகப் படித்தால் மறந்துபோகும்.

பர்மா பாஷை உதவுகிற இடத்தைச் சொன்னேன்; அது கெடுக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. 'தமின்ஜோ', 'ஙாஜோ', 'பெ பியோக்' ஆகியவற்றில் சோறு, மீன், பட்டாணி என்ற பெயருக்குப் பின்னால் பொரி, அவி என்ற வினை எந்த விகுதியும் இல்லாமல் வெறுமனே நிற்கிறது. அதே பழக்கத்தில் உணவுப் பட்டியலில் 'ஃபிரை ரைஸ்', 'ஃபிரை ஃபிஷ்', 'பாய்ல் பீஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ஃபிரைட் ரைஸ்', 'ஃபிரைட் ஃபிஷ்', 'பாய்ல்ட் பீஸ்' என்று மூன்றாம் வடிவம் கட்டாயம். ஊறவைத்த தேயிலையான லப்பெட்டுக்குச் சரியான பெயர் 'பிக்கில்ட் டீ லீவ்ஸ்'. தேங்ஜி சந்தையில் ஒரு சுற்று சுற்றினால் ஆங்கிலப் பலகைகளில் தம்பிக்கு நல்ல பயிற்சி கிடைக்கும்: எந்தப் பெயர் எந்தச் செயலை வாங்கியது என்று அவனே சொல்லட்டும், விகுதி விட்டுப்போன பலகைகளை அவனே திருத்தட்டும்.

கன்டெய்னர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் வேலையில் தினமும் வரும் வாக்கியம் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திலாவா துறைமுகத்தில் ஆட்கள் ஒரு கன்டெய்னருக்குள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கன்டெய்னர் எதையும் ஏற்றவில்லை, அது ஏற்றப்படுகிறது. ஆகவே மூன்றாம் வடிவம் 'லோடெட்' வேண்டும். செயல் இன்னும் முடியவில்லை. ஆகவே 'இங்'கும் வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? 'பி' என்ற துணைவினை 'இங்'கை வாங்கிக்கொள்ளும்: 'த கன்டெய்னர் இஸ் பீயிங் லோடெட்'. இதில் 'பீயிங்' நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது, 'லோடெட்' செய்யப்படுவதைச் சொல்கிறது, 'இஸ்' இப்போது என்று சொல்கிறது. மூன்று சொல்லுக்கும் தனித்தனி வேலை. ஒன்றை விட்டால் பொருள் மாறும். 'இஸ் லோடெட்' என்றால் ஏற்றி முடிந்த நிலையில் நிற்கிறது. 'வாஸ் லோடெட்' என்றால் ஏற்றினார்கள். பக்கத்தில் நாள் அல்லது நேரம் எழுதுங்கள். 'ஹாஸ் பீன் லோடெட்' என்றால் ஏற்றியாயிற்று, நீங்கள் அடுத்த வேலையைப் பார்க்கலாம். இதன் பக்கத்தில் 'யெஸ்டர்டே' எழுதக் கூடாது. 'வில் பி லோடெட் டுமாரோ' என்றால் நாளை.

துறைமுகத்தில் 'த வெசல் இஸ் லோடிங்' என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது சரியே. கப்பல் சரக்கை ஏற்றிக்கொள்கிறது என்ற பொருளில் அந்தத் தொழிலில் கப்பல் செய்பவராக நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் கன்டெய்னருக்கும் அப்படியே எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் கன்டெய்னருக்கும் பெட்டிகளுக்கும் ஆவணங்களுக்கும் 'பீயிங்' சேர்த்தே எழுதுங்கள்: 'த டாக்குமென்ட்ஸ் ஆர் பீயிங் பிரிப்பேர்ட்'.

மெயிலில் வேறு சில இடங்களும் சறுக்கும். 'அட்டாச் ஃபைல்' அல்ல, 'அட்டாச்ட் ஃபைல்'. 'ப்ளீஸ் ஃபைன்ட் அட்டாச்ட் த இன்வாய்ஸ்' சரி. 'ஐ ஆம் அட்டாச்சிங் த இன்வாய்ஸ்' என்பதும் சரி, அதில் இணைப்பவர் நீங்கள். 'அஸ் டிஸ்கஸ்', 'அஸ் ரிக்வெஸ்ட்' என்று முடிக்காதீர்கள். பேசியபடி என்பதற்கு 'அஸ் டிஸ்கஸ்ட்', கேட்டுக்கொண்டபடி என்பதற்கு 'அஸ் ரிக்வெஸ்டெட்'.

சொல்லின் இடமும் முக்கியம். தமிழில் பெயரெச்சம் எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னாலேயே வரும்: 'நேற்று கிடங்கில் கட்டிய பெட்டிகள்'. ஆங்கிலத்தில் பார்ட்டிசிபிள் ஒற்றைச் சொல்லாக இருந்தால்தான் முன்னால் வரும்: 'பேக்ட் பாக்ஸஸ்'. கூடவே இடம், நேரம், ஆள் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டால் முழுவதும் பெயருக்குப் பின்னால் போய்விடும்: 'த பாக்ஸஸ் பேக்ட் யெஸ்டர்டே இன் த வேர்ஹவுஸ்'. அதேபோல் 'த மேன் ஸ்டான்டிங் அட் த கேட்'. சில சொற்களில் இடம் மாறினால் பொருளே மாறும். 'த டிபார்ட்மென்ட் கன்சர்ன்ட்' என்றால் சம்பந்தப்பட்ட துறை. 'எ கன்சர்ன்ட் மதர்' என்றால் கவலைப்படுகிற தாய். சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு எழுதும்போது 'த ஆஃபிசர் கன்சர்ன்ட்' என்று பின்னால் வைப்பதே நல்லது.

இனி மழை. 'வாக்கிங் டு த ஜெட்டி, த ரெயின் ஸ்டார்டெட்' என்பதில் தவறு என்னவென்றால், வாக்கியத்தின் தொடக்கத்தில் பார்ட்டிசிபிள் வந்தால் அதைச் செய்தவர் காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாயாகவே இருக்க வேண்டும். இங்கே எழுவாய் மழை. மழை படகுத்துறைக்கு நடந்து போனதாகிவிட்டது. இந்த விதி உங்களுக்குப் புதிதல்ல. தமிழ் வினையெச்சத்திலும் உண்டு. 'நான் குளித்து, அவன் சாப்பிட்டான்' என்று யாரும் சொல்வதில்லை. குளித்தவரே சாப்பிட வேண்டும். ஆனால் 'போகையில்', 'போகும்போது' என்ற வடிவங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 'நான் நடந்து போகையில் மழை பிடித்துக்கொண்டது' நல்ல தமிழ். அந்தப் 'போகையில்' உங்கள் மனதில் இருந்தது, கை 'வாக்கிங்' என்று எழுதியது. ஆகவே மனதில் 'செய்து' என்ற வடிவம் பொருந்தினால் மட்டும் பார்ட்டிசிபிளில் தொடங்குங்கள். 'செய்கையில்', 'செய்தபோது' என்று வந்தால் 'வைல்' அல்லது 'வென்' போட்டு எழுவாயையும் எழுதுங்கள்: 'வைல் ஐ வாஸ் வாக்கிங் டு த ஜெட்டி, இட் ஸ்டார்டெட் டு ரெயின்'. தமிழில் 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பது போல, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகும்போது எழுவாய் மாறுவதுண்டு. அந்தச் சலுகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்தது என்று அழுத்திச் சொல்ல 'ஹாவிங்' சேர்க்கலாம்: 'ஹாவிங் செக்ட் த லிஸ்ட், ஐ சைன்ட் இட்'. இங்கேயும் அதே கண்காணிப்பு வேண்டும். 'ஹாவிங் செக்ட் த லிஸ்ட், இட் வாஸ் சைன்ட்' என்றால் பட்டியல் தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டதாகும். அலுவலக மெயிலில் 'நான்' என்ற சொல்லைத் தவிர்க்க நினைத்துச் செயப்பாட்டு வினைக்குத் தாவும்போதுதான் இந்தப் பிழை அதிகம் நுழைகிறது.

வினை அட்டவணையை மனப்பாடம் செய்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் வடிவத்துக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்: இரண்டாவது தனியே நிற்கும், துணைவினையை ஏற்காது, மூன்றாவது வாக்கியத்தின் முதன்மை வினையாகத் தனியே நிற்காது, முன்னால் 'ஹாவ்' குடும்பத்திலோ 'பி' குடும்பத்திலோ ஒன்று வேண்டும். 'ஐ வென்ட்' சரி, 'ஐ ஹாவ் வென்ட்' தவறு. 'ஐ ஹாவ் கான்' சரி, 'ஐ கான்' தவறு. 'ஐ ஹாவ் சீன் இட்' சரி, 'ஐ சீன் இட்' தவறு. 'டிட்' வந்தால் இரண்டும் வேண்டாம், முதல் வடிவம்: 'டிட் நாட் கோ'.

அட்டவணையை அகர வரிசையில் படிக்க வேண்டாம்; ஒலி வகையாகப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். மாறாதவை: கட், புட், ஷட், காஸ்ட், ஹர்ட். இரண்டும் மூன்றும் ஒன்றானவை: பிராட், பாட், டாட், காட், கெப்ட், லெஃப்ட். மூன்றாவதில் 'ன்' ஒலி சேர்பவை: ரிட்டன், டேக்கன், கிவன், புரோக்கன், ஸ்போக்கன், ஈட்டன். உயிரொலி மட்டும் மாறுபவை: டிரிங்க், டிராங்க், டிரங்க்; ஸ்விம், ஸ்வாம், ஸ்வம்; பிகின், பிகான், பிகன். மூன்றாவது மறுபடி முதலாவதாகவே திரும்புபவை மிகச் சில: கம், கேம், கம்; ரன், ரான், ரன்; பிகம், பிகேம், பிகம். பிழைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு குழுவில்தான் வரும். 'ஹாஸ் கேம்', 'ஹாவ் டிராங்க்' என்று எழுதிவிடுவார்கள். பெயருக்கு முன்னால் மட்டும் வேறு வடிவம் எடுக்கும் சொற்களும் உண்டு: அவன் 'இஸ் டிரங்க்', ஆனால் 'எ டிரங்க்கன் செய்லர்', கப்பல் 'ஹாஸ் சங்க்', ஆனால் 'எ சங்க்கன் ஷிப்'.

'இங்' எழுதுவதில் எழுத்துப் பிழை வரும் இடங்கள் குறைவு. 'மேக்' போலக் கடைசியில் ஒலிக்காத 'ஈ' எழுத்து இருந்தால் அது விழும். 'ரன்', 'ஸ்டாப்' போலக் குறுகிய ஓரசைச் சொல்லில் கடைசி மெய்யெழுத்து இரட்டிக்கும். இரண்டு அசையுள்ள சொல்லில் அழுத்தம் பின்னசையில் விழுந்தால்தான் இரட்டிப்பு: 'பிகினிங்' இரட்டிக்கும், 'விசிட்டிங்' இரட்டிக்காது. 'டை', 'லை' இரண்டிலும் முடிவிலுள்ள 'ஐ', 'ஈ' எழுத்துகள் போய் 'ஒய்' வரும்.

கடைசியாக உச்சரிப்பு. நீங்கள் 'எட்' விடுவது அறியாமையால் மட்டும் அல்ல, காதாலும் வாயாலும்தான். பர்மா பாஷையில் சொல்லின் இறுதியில் மெய்கள் கூட்டாக ஒலிப்பதில்லை. தொண்டையில் சட்டென்று அடைத்து நிறுத்திவிடுவார்கள். நாள் முழுதும் அதைப் பேசும் வாய் 'ஃபினிஷ்ட்' என்பதை 'ஃபினிஷ்' என்றே முடிக்கும். வாயில் வராத ஒலி கையில் எழுத்தாகவும் வராது. தமிழ் நாக்கு இங்கே கைகொடுக்கும். நாம் இயல்பாக 'ஃபினிஷ்டு', 'பேக்டு' என்று ஒரு உகரம் சேர்த்துவிடுகிறோம். எழுதிப் பழகும் வரை அந்த உகரத்தோடு மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்; பேசும்போது உகரத்தை மெல்ல விட்டுவிடலாம்.

ஒலி மூன்று வகை. 'வாக்', 'வாஷ்', 'பேக்', 'ஸ்டாப்' போலத் தொண்டை அதிராமல் வெறும் காற்றொலியில் முடியும் சொற்களுக்குப் பின் 'டீ' குடிக்கிறோமே, அந்த வார்த்தையின் முதல் ஒலி. 'கிளீன்', 'கால்', 'சைன்', 'ஓபன்' போலத் தொண்டை அதிர்ந்து முடிபவற்றுக்குப் பின் 'டாக்டர்' என்பதன் முதல் ஒலி. ஏற்கெனவே இந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில் முடியும் 'வான்ட்', 'நீட்', 'லோட்', 'பிரின்ட்' போன்றவற்றில் மட்டுமே தனி அசையாக 'எட்' கேட்கும்: 'வான்டெட்', 'லோடெட்'. 'வாக்கெட்', 'வாஷெட்' என்று இழுக்கக் கூடாது, அவை ஓரசைதான். கற்றறிந்த என்ற பொருளில் வரும் 'லேர்னெட்', முதிய என்ற பொருளில் வரும் 'ஏஜெட்' இரண்டும் விலக்கு. 'தி ஏஜெட் மேன்' என்னும்போது இரண்டு அசை. 'எ பாய் ஏஜ்ட் டென்' என்னும்போது ஓரசை.